“வயசானா அப்படித்தான்” என்று சொல்லாத ஒரு டாக்டர் ஓசூருக்கு வேண்டும்

ஓசூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். பெற்றவர்களுக்கான மருந்தையும் பிள்ளைகள்தான் வந்து வாங்குவார்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன், கண் எரிச்சலோடு நின்று, ஒரே கையில் மூன்று சீட்டு நீட்டுவான். அம்மாவுக்கு சுகர் டாக்டர் எழுதியது ஒன்று, இருதய டாக்டர் எழுதியது ஒன்று, மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர் எழுதியது ஒன்று. “எல்லாத்துலயும் ஒரு மாசத்துக்குக் குடுங்கக்கா” என்பான்.

மூன்று சீட்டையும் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சில சங்கதிகள் தெரியவரும். சுகர் சீட்டிலும் இருதயச் சீட்டிலும் பிரஷருக்கு ஒரே மருந்து, இரண்டு வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். எலும்பு டாக்டர் எழுதிய வலி மாத்திரை பிரஷரை ஏற்றிவிடக்கூடியது, வயதானவர்களின் சிறுநீரகத்துக்கும் ஆகாதது. அரிப்புக்கென்று எப்போதோ யாரோ கொடுத்த மாத்திரை, பெரியவர்களுக்கு மந்தத்தையும் குழப்பத்தையும் உண்டாக்குவது, இன்னும் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். ஒரே மருந்து இரட்டிப்பாக இருந்தால் ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்வேன். அதற்குமேல் ஒரு மருந்தாளுநருக்கு உரிமை கிடையாது.

இந்த மூன்று டாக்டர்களில் யாரும் தப்பு செய்துவிடவில்லை. அவரவர் பார்த்த உறுப்புக்கு அவரவர் எழுதியது சரிதான். அந்த அம்மாவை முழு ஆளாகப் பார்த்து, இந்தப் பட்டியல் மொத்தத்துக்கும் நான் பொறுப்பு என்று சொல்ல ஒரு டாக்டர் இல்லை என்பதுதான் குறை. அந்த வேலைக்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களை முதியோர் நல மருத்துவர் என்கிறோம், ஜெரியாட்ரிக்ஸ் டாக்டர் என்றும் சொல்வார்கள். ஓசூரில் குழந்தைகள் நல டாக்டரின் போர்டு இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். முதியோர் நலம் என்று ஒரு போர்டை இத்தனை வருஷத்தில் என் கண்ணால் நான் பார்த்ததில்லை.

இது ஓசூருக்கு ஏன் இப்போது அவசரம் என்றால், இது இளைஞர்களுக்காக உருவான ஊர். 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஓசூர் ஆலை தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து ஓட ஆரம்பித்தது. அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரமும் வந்தது. சேலம், தர்மபுரி, திருப்பத்தூர், தென்மாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ ஐ.டி.ஐ. முடித்த இருபது வயதுப் பையன்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஊருக்குத் தேவைப்பட்ட மருத்துவம் அப்போது பிரசவம், குழந்தை, கை நசுங்கிய கேஸ், நெடுஞ்சாலை விபத்து. ஆஸ்பத்திரிகளும் அதற்கேற்றபடிதான் முளைத்தன. 1980-ல் இருபது வயதில் லேத்தின் முன்னால் நின்றவருக்கு இன்று வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. தங்கள் வயதான பெற்றோரை ஊரிலேயே விட்டு வந்த தலைமுறை அது. ஓசூரிலேயே முதுமை அடையும் முதல் பெரிய கூட்டமும் அவர்கள்தான்.

மாநிலம் முழுவதுமே அப்படித்தான் போகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2031-ல் அது 18.2 விழுக்காட்டை எட்டும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

என் மாமனாரும் அந்த முதல் தலைமுறைக்காரர்தான். மாமாவுக்குச் சொந்த ஊர் பாகலூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்றிலும் சரளமாகப் பேசுவார். மெஷின் ஷாப்பில் காலமெல்லாம் நின்று வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகு ராத்திரியில் பாத்ரூம் போகும்போது விழுந்தார். நெற்றியில் தையல் போட்டு, தலையை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் விழுந்தார். பகலெல்லாம் தூங்கி வழிந்தார். பேச்சு குறைந்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பார்த்த டாக்டர் ஒருவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: “வயசானா அப்படித்தான்மா.”

கடையில் நிற்கிற எனக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. பெரியவர்களை அழைத்துப் போய்த் திரும்புகிற பிள்ளைகள் கவுன்டரில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து கேட்பார்கள். வயது நோயல்ல. விழுவதற்கு ஒரு காரணம் இருக்கும், குழம்புவதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கும். அதைத் தேடாமல் இருப்பதற்கு அந்த வாக்கியம் ஒரு வசதி.

மாமாவின் மருந்துப் பட்டியலில் ஒரு சங்கிலி இருந்தது. பிரஷருக்கு ஆம்லோடிபின் கொடுத்தார்கள். நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மாமாவுக்கு வீங்கியது. வேறொரு இடத்தில் அந்த வீக்கத்தைப் பார்த்து நீர் மாத்திரை சேர்த்தார்கள். நீர் மாத்திரையால் ராத்திரியில் பலமுறை எழ வேண்டியதாயிற்று. அடிக்கடி சிறுநீர் போகிறது என்று இன்னொருவரிடம் போனபோது, சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரை வந்தது. அந்த வகை மாத்திரை பெரியவர்களுக்கு வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், மூளையை மந்தமாக்கும். ராத்திரித் தூக்கம் கெட்டுப்போனதால் கடைசியாகத் தூக்க மாத்திரை. ஒவ்வொரு மருந்தும் முந்தைய மருந்தின் பக்கவிளைவுக்கு வைத்தியம்.

இது எனக்குத் தெரிந்தே இருந்தது. டாக்டர்களிடம் எடுத்தும் சொன்னேன். “அது அந்த டாக்டர் எழுதினது, அவரையே கேளுங்க” என்றார்கள். அவரைக் கேட்டால், “இது நம்ம சப்ஜெக்ட் இல்லம்மா” என்றார். சேர்த்து எழுத எல்லோருக்கும் உரிமை இருந்தது. எடுத்துவிட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

கடைசியில் பெங்களூருவில் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மருத்துவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

டோக்கன் போடும்போதே, வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷ் மருந்து மட்டும் போதாது, நாட்டு மருந்து, லேகியம், கடையில் நாமே கேட்டு வாங்கியது, கண் சொட்டு, தைலம் எல்லாம் வேண்டும். டாக்டர் இளம்பெண். பையை மேஜையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாக எடுத்து, எதற்காக, யார் சொல்லி, எப்போதிலிருந்து என்று எழுதிக்கொண்டார். கேள்விகளை என்னிடம் கேட்கவில்லை, மாமாவிடம் கேட்டார். மாமா பதில் சொல்லத் தாமதித்தபோது நான் வாயைத் திறந்தேன். “அவரே சொல்லட்டும்மா” என்று கையைக் காட்டினார்.

படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு, நின்ற நிலையிலேயே மறுபடி பார்த்தார். படுத்திருக்கும்போது 140 காட்டியது, நின்றபோது 112-க்கு இறங்கியது. எழுந்து நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் தலை சுற்றும், ஆள் விழுவார். ராத்திரியில் பாத்ரூமுக்கு எழும் மனிதருக்கு நடந்தது இதுதான். அதுவரை பார்த்த எல்லோரும் அவரை உட்கார வைத்தே பிரஷர் பார்த்திருந்தார்கள்.

அடுத்து கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி. எழுந்து, மூன்று மீட்டர் தூரத்தில் ஒட்டியிருந்த பட்டை வரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். கையில் ஒரு கடிகாரம். 12 விநாடிக்குமேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்காம். மாமாவுக்கு அதைவிட நன்றாகவே அதிகம் ஆயிற்று. அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், செருப்பின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் அழுக்கு அடைத்துக் கல்லாகியிருந்தது. சம்பந்தமில்லாத பதில்களில் பாதிக்குக் காரணம் கேள்வி காதில் விழாததுதான்.

ஞாபகச் சோதனைக்கு முன் டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. “தாத்தா, மனசுக்குள்ள நீங்க எந்த பாஷைல எண்ணுவீங்க?” மாமா தெலுங்கு என்றார். தெலுங்கு தெரிந்த நர்ஸை உடனே கூப்பிட்டார்கள். மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள், கிழமைகளைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார்கள், ஒரு கடிகாரம் வரைந்து முள் வைக்கச் சொன்னார்கள். கடிகாரத்தைச் சரியாக வரைந்தார். மூன்று வார்த்தையில் ஒன்று தப்பியது. எங்கள் எல்லைப் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. தளி, தேன்கனிக்கோட்டை, பேரிகைப் பக்கத்துப் பாட்டிகளிடம் புத்தகத் தமிழில் கேள்வி கேட்டால், தெலுங்கிலோ கன்னடத்திலோ தெளிவாக இருக்கிற மூளைக்கும் மறதி நோய்ப் பட்டம் விழுந்துவிடும். உண்மையான மறதி நோய் தப்பிப்போவதும் உண்டு. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைச் சரியான மொழியில் கண்டுபிடிக்க வேண்டும், மற்றவர்கள் தலையில் அதைக் கட்டாமலும் இருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். தைராய்டு, பி12, உப்பு அளவு, சிறுநீரகம். அது எங்கேயும் எடுக்கிற பரிசோதனைதான். முடிவில் டாக்டர் புதிதாக எழுதியது மிகக் குறைவு. பிரஷர் மருந்தை மாற்றினார். நீர் மாத்திரையையும் சிறுநீர்ப்பை மாத்திரையையும் நிறுத்தினார். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வரும் முறையை எழுதிக் கொடுத்தார். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி, ராத்திரி விளக்கு, புதுச் செருப்பு, காலுக்குப் பயிற்சி, நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி. நாங்கள் எழுந்தபோது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மாமா இளைஞராகிவிடவில்லை. முட்டி இன்னும் வலிக்கிறது, சில பெயர்கள் இன்னும் மறக்கின்றன. ஆனால் கால் வீக்கம் வடிந்தது, பகல் தூக்கம் போனது, தெருமுனை டீக்கடைக்கு அவராகவே நடந்து போய் வருகிறார். கன்னட, தெலுங்கு, தமிழ் நண்பர்களோடு அரசியல் பேசுகிறார். ஒரு மருத்துவத்திடம் இதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த மாதிரிப் பார்க்கும் முறை வசதி படைத்தவர்களுக்காகப் பிறந்ததல்ல. 1935-ல் லண்டன் அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற டாக்டரிடம், பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். குணமாகாது என்று படுக்கையிலேயே விடப்பட்ட முதியவர்கள் பலர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது அந்த வார்டிலிருந்துதான்.

இந்தியாவில் அதைத் தொடங்கியதும் நம் மாநிலத்தின் ஓர் அரசு மருத்துவமனைதான். பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வி.எஸ். நடராஜன், 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளோடு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் ஓசூரிலிருந்து கிண்டி 300 கிலோமீட்டர். இடுப்பு வலியோடும், மணிக்கொரு முறை பாத்ரூம் தேவையோடும் இருக்கிற எண்பது வயதுப் பாட்டியை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அழைத்துப் போக முடியாது.

வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் பிரிவு இருக்கிறது. ஓசூரிலிருந்து அது ஒரு நாள் வேலை. பெங்களூருவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. மறதி, மனக்குழப்பம், முதுமைக்கால மனச்சோர்வு என்றால் அதே ஊரில் நிமான்ஸ் மருத்துவமனையில் முதியோருக்கான மனநலப் பிரிவு உண்டு. அது மத்திய அரசு நிறுவனம், எந்த மாநிலத்துக்காரரும் போகலாம். நிமான்ஸ் இருக்கும் சாலைக்கே ஓசூர் ரோடு என்றுதான் பெயர். 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் இருக்கின்றன. காலையில் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் வீடு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது ஒரு நாள் சம்பளம், கார் வாடகை தனி. எல்லையைத் தாண்டினால் நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபரில் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் காப்பீடு அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அது படுக்கையில் அட்மிட் ஆனால்தான் செல்லும், புறநோயாளியாகப் பார்ப்பதற்குச் செல்லாது. மாமா இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தால் ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்திருக்கும். விழாமல் காப்பாற்றிய அந்த ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்காது. தனியார் மருத்துவமனைகள் முதியோர் டாக்டரை வைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து பேசி, இருக்கிற மாத்திரையைக் குறைக்கிற டாக்டரால் பில் ஏறாது.

முதியோர் டாக்டரே கிடைக்காத வீட்டில் என்ன செய்வது என்று கடையில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல பொது மருத்துவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எம்.டி. ஜெனரல் மெடிசின் படித்தவராக இருந்தால் நல்லது. இக்னோவில் முதியோர் மருத்துவ டிப்ளமோ முடித்த எம்.பி.பி.எஸ். டாக்டர்களும் இருக்கிறார்கள். விசாரித்தால் கிடைப்பார்கள். படிப்பும் பதிவும் உண்மைதானா என்பதை மாநில மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயர் போட்டே பார்த்துவிடலாம். முதல் தடவை போகும்போது எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். அந்தப் பையை அவர் பிரித்துப் பார்க்கிறாரா, நின்றபடி பிரஷர் பார்க்கச் சொன்னால் பார்க்கிறாரா, பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, ஒரு மாத்திரையையாவது தேவையில்லை என்று எடுக்கிறாரா என்று கவனியுங்கள். இதெல்லாம் செய்கிறவர் போர்டில் என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்கு அவர்தான் முதியோர் டாக்டர். மற்ற ஸ்பெஷலிஸ்டுகளிடம் போக வேண்டியிருந்தால் போங்கள், ஆனால் அவர்கள் எழுதிய சீட்டை இவரிடம் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. தூக்க மாத்திரையை, வலிப்பு மாத்திரையை, சில பிரஷர் மாத்திரைகளை, ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதும் மருத்துவம்தான், டாக்டர்தான் செய்ய வேண்டும்.

கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களுக்கு இன்னொன்று. ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் பெறலாம். இப்படி ஒரு விதி இருப்பதே ஓசூரில் ரிட்டயர் ஆன பலருக்குத் தெரியவில்லை. யூனியன்காரர்கள் செட்டில்மென்ட் நாளிலேயே இந்தப் படிவத்தையும் கையில் கொடுத்து அனுப்பலாம். யார் உதவியும் இல்லாத பெரியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

ஆனால் குடும்பங்கள் தனியாகச் சமாளித்துக்கொண்டே இருக்க முடியாது. அரசு ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான் நான் கேட்கிறேன். 2010-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை முதியோர் கிளினிக் நடக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவும் 10 படுக்கை வார்டும் இருக்க வேண்டும். 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரையோடு வருகிற பெண்கள், எந்த வீட்டில் யார் விழுந்தார், யார் படுக்கையில் இருக்கிறார் என்பதை நன்றாக அறிவார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டு அடுத்த அடி வைக்க ஒரு டாக்டர் வேண்டும். 2022 ஜனவரியில் நம் மாவட்டத்துப் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. அந்தக் கல்லூரியில் முதியோர் மருத்துவத் துறை வர வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை பொது மருத்துவத் துறையிலிருந்து இரண்டு டாக்டர்களைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் ஓசூர் அரசு மருத்துவமனையில் உட்கார வைக்கலாம். ஒரு பிசியோதெரபிஸ்ட், தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஒரு நர்ஸ், கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி, மூன்று மீட்டர் தரை. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாத ஊர் இது. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணியின் பட்டியலில் முதியோருக்கான பகல்நேர மையங்களும் பிற வசதிகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. சிப்காட் கம்பெனிகள் பள்ளிக்கு பெஞ்சு கொடுக்கின்றன, ஏரி தூர்வாருகின்றன, நன்றி. தங்கள் முதல் இயந்திரங்களை ஓட்டிய மனிதர்கள் இன்று இதே ஊரில் ராத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கிளினிக் கட்டிக் கொடுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையையும் கேட்பது இன்னும் எளிமையானது: முதியோர் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு பலகை எழுதி, ஓசூர் அரசு மருத்துவமனை வாசலில் மாட்டுங்கள். அந்தக் கிழமையில் அந்த அறையில் ஒரு டாக்டர் இருக்கட்டும். பெரியவர்களை மருந்துப் பையோடு அனுப்பிவைப்பதை எங்களைப் போன்ற மருந்துக்கடைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம்.